சிஸ்டர் இசைவாணிக்கு மூச்சு வாங்கிய மழைக்காலம்

இசைவாணியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன்.

"வேற வேல இல்லியாண்ணே உங்களுக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எழுதுங்க. ஆனா நா அழுததயெல்லாம் எழுதாதீங்க" என்றாள்.

அதற்கு மட்டும் சம்மதிக்க முடியவில்லை.

நாங்கள் இருவரும் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் நுரையீரல் வார்டில் நர்சுகள். வார்டின் நடுவே தோள் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கிறது. இந்தப் பக்கம் ஆண்கள், என் பொறுப்பு. அந்தப் பக்கம் பெண்கள், அவள் பொறுப்பு. பெண் நர்சை சிஸ்டர் என்று கூப்பிட எல்லோருக்கும் தெரியும். என்னைத்தான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். சிலர் பிரதர் என்பார்கள், சிலர் டாக்டர் என்பார்கள். ரிஷிவந்தியத்துப் பெரியவர் ஒருவர் 'ஆம்பள சிஸ்டரு' என்று கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து இசைவாணிக்கும் நான் ஆம்பள சிஸ்டர்தான். ஏதாவது வேண்டுமென்றால் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அப்படியே சத்தமாகக் கூப்பிடுவாள். வார்டே சிரிக்கும். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரிப்பார்கள்.

அவள் மணலூர்பேட்டை பக்கத்தவள். அப்பா ஆதிமூலம் கரும்பு வெட்டும் கூலி. எந்த ஊரில் கரும்பு வெட்டு நடக்கிறதோ அங்கே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கிடப்பார். இவள் மட்டும் விடுதியில் தங்கிப் படித்தாள். போலீஸ் ஆக வேண்டும் என்பதுதான் அவள் ஆசையாம். உயரம் போதவில்லை. நர்சிங் படிப்புக்கு உயரம் பார்க்கவில்லை, சேர்ந்துவிட்டாள். "போலீஸ் வேலையும் இங்கதான் பாத்துக்கினு இருக்கேன்" என்பாள். அதில் பொய் இல்லை. பீடியை மடியில் மறைத்துவைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போகிற கிழவர்களைத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

கணவர் கவியரசனுக்கு உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையோரம் ஒரு லாரி டயர் கடையில் வேலை. காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டும்போது திரும்புவார். மகள் தனுஷா இரண்டாம் வகுப்பு. கவியரசனின் அம்மா அமிர்தம் வீட்டோடு இருக்கிறார். இசைவாணிக்கு அம்மா இல்லை.

எங்கள் வார்டில் படுத்திருப்பவர்கள் குறைவு, உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம். படுத்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும். சாப்பாட்டு மேசையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, அதில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்தபடி மணிக்கணக்கில் இருப்பார்கள். தலையணை சரியான உயரத்தில் இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும், மேசை தள்ளிப் போனால் முதுகு வலிக்கும். இசைவாணி ஒவ்வொரு கட்டிலாகப் போய் இதைச் சரிசெய்துவிட்டுத்தான் மருந்துத் தட்டை எடுப்பாள்.

வருகிற உறவினர்களுக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. ஆக்சிஜன் மீட்டரில் அந்தச் சின்னப் பந்து ஏன் இவ்வளவு கீழே நிற்கிறது என்று கேட்பார்கள். "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வையேம்மா, ஒன் வூட்டுச் சொத்தா போவுது?" என்று சண்டைக்கும் வருவார்கள். பல வருஷம் புகையில் கெட்டுப்போன நுரையீரலுக்கு ஆக்சிஜனைக் கண்டபடி திறந்துவிட்டால் ஆள் அப்படியே மயக்கத்துக்குப் போய்விடலாம். இதை அவள் ஆளுக்குத் தக்கபடி சொல்வாள். ஒரு விவசாயியிடம், "நாத்து தண்ணி கேக்குதுன்னு ஏரி மதகையே தொறந்து வுட்டுடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் அதற்குப் பிறகு மீட்டர் பக்கமே திரும்பவில்லை.

சளிக் குவளையை முகம் சுளிக்காமல் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். நிறம் மாறியிருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நேத்து பச்ச, இன்னிக்கு வெள்ள. இறங்கிடுச்சி, கவலப்படாதீங்க" என்பாள். சொந்தப் பிள்ளைகளே திரும்பிக்கொள்ளும் ஒரு பொருளைப் பார்த்து ஒருத்தி நல்ல செய்தி சொல்கிறாள் என்பதில் நோயாளிக்குப் பாதித் தெம்பு வந்துவிடும்.

சாலம்மாள் வந்தது ஒரு மார்கழியில். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சிறு வயதிலிருந்தே ஜன்னல் இல்லாத அறையில் விறகு அடுப்பு. அந்தப் புகையெல்லாம் நெஞ்சில் சேர்ந்து, பனிக்காலம் வந்தால் மூச்சு விடவே போராட வேண்டியிருக்கும். அன்று காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஆம்புலன்ஸ் மலையிறங்கி வந்து சேர்ந்தபோது உதடு நீலம் பூத்திருந்தது.

மூச்சை அழுத்தித் தள்ளும் ஒரு இயந்திரம் இருக்கிறது. முகத்தோடு ஒட்ட ஒரு முகமூடியை இறுக்கிக் கட்டி அதோடு இணைப்போம். ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவர் மூக்கையும் வாயையும் மூடி, பட்டை போட்டுக் கட்டினால் எப்படி இருக்கும்? சாலம்மாள் பிய்த்து எறிந்தார். மறுபடி கட்டினோம். காலால் உதைத்தார்.

"மூச்ச அடச்சிக் கொல்றீங்களாடி என்ன!"

எங்கள் வார்டு டாக்டர் அருள்மொழிக்கு முகம் வாடிவிட்டது. இது ஒத்துவராவிட்டால் அடுத்தது தொண்டையில் குழாய்தான். இந்த மாதிரி நுரையீரலுக்குக் குழாய் போட்டால் எடுப்பது கஷ்டம் என்று அவர் மெதுவாக என்னிடம் சொன்னார்.

இசைவாணி பட்டைகளையெல்லாம் கழற்றினாள். டாக்டரிடம் கேட்டு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். வெறும் முகமூடியை சாலம்மாளின் கையில் கொடுத்தாள்.

"நீங்களே புடிச்சிக்குங்கம்மா. கட்ட மாட்டேன். கொஞ்ச நேரம் வச்சிப் பாருங்க. புடிக்கலயா, எடுத்துடுங்க. உங்க கையிலதான கீது."

சாலம்மாள் அவளை முறைத்தார். பிறகு முகமூடியை மூக்கருகே கொண்டுபோய், காற்று சீறுவதைக் கேட்டுப் பின்வாங்கினார். மறுபடி கொண்டுபோனார். வைத்தார், எடுத்தார். இசைவாணி குனிந்த முதுகு நிமிராமல் பக்கத்திலேயே நின்றாள். அவர் மூச்சோடு மூச்சாகத் தன் கையை மட்டும் ஏற்றி இறக்கிக் காட்டினாள். ஒரு கட்டத்தில் சாலம்மாள் முகமூடியை எடுக்க மறந்தார். கை சோர்ந்து நழுவப் பார்த்தபோது, "இப்ப கட்டட்டுமா?" என்று கேட்டாள். சாலம்மாள் தலையை ஆட்டினார்.

குழாய் போடாமலே தப்பினார். வீட்டுக்குப் போகும்போது இசைவாணியின் தாடையைத் தொட்டு, "வரட்டாடி கண்ணு" என்றார். அதற்குப் பிறகு மாதாமாதம் மருந்து வாங்க வரும்போதெல்லாம் வார்டுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுத்தான் போவார். பல நாள் கையில் எதுவும் இருக்காது, சில நாள் கொய்யா இருக்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் இசைவாணிக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல். பஸ்ஸில் நனைந்தது என்றாள். சாயங்காலம் ஆனால் உடம்பு சூடாகிறது என்றாள், தூக்கம் போதவில்லை என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. வேறு யாராவது இதையே சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருப்பாள்.

ஒரு நாள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள். "ஆம்பள..." என்றாள். நின்றது. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "...சிஸ்டரு" என்றாள்.

நான் எழுந்து போனேன். மருந்துத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வலது விலாவை முழங்கையால் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா இப்பிடி?"

"எப்பிடி?"

"தட்டைக் கீழ வை. உக்காரு."

"அந்தக் கடைசிக் கட்டிலுக்கு மருந்து..."

"நா குடுக்கறேன். நீ உக்காரு இசை."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது, எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று. டாக்டர் அருள்மொழி முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், விரலால் தட்டிப் பார்த்தார். வலது பக்கம் பாதிக்குக் கீழே காற்றுப் போகிற சத்தமே இல்லை. எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் பாதிக்கு வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

நீரை எடுத்துச் சோதித்ததில் காசநோய் என்று வந்தது. சளியில் கிருமி இல்லை, ஆகவே மற்றவர்களுக்குப் பரவாது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இந்தக் கிருமி எங்கள் வார்டில் மட்டும் இருப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்தும் வந்திருக்கலாம், எப்போதோ வந்து உள்ளே உறங்கிக் கிடந்திருக்கலாம். டாக்டர் அதைத்தான் சொன்னார். இசைவாணி கேட்டுக்கொண்டாள். "தனுஷாவயும் பாத்துடுங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

அவளுடைய பக்கத்திலேயே, ஜன்னலோரக் கட்டிலில் அவளைச் சேர்த்தோம். நீர் கெட்டிப்பட்டு உள்ளே திட்டுத் திட்டாகப் பிரிந்திருந்ததால் ஊசியால் எடுத்தது போதவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவில் குழாய் வைத்தார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள். மூச்சு இழுக்கும்போது குழாயில் தண்ணீர் ஏறும், விடும்போது இறங்கும். பாட்டிலை எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே வைக்க வேண்டும், குழாய் மடங்கக் கூடாது, இதையெல்லாம் அவள் எவ்வளவோ பேருக்குச் சொல்லியிருப்பாள்.

குழாய் வைத்த பிறகு நோயாளி செய்ய வேண்டியது மூன்று. ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும், நன்றாக இரும வேண்டும், அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கி இறக்க வேண்டும். அப்போதுதான் நீர் வடிந்து, சுருங்கிய நுரையீரல் விரியும். இசைவாணி மூன்றையும் செய்யவில்லை. வலது கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, தோள்பட்டையை மட்டும் அசைத்து, சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தால் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

தலையணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "விலாவுல வச்சி அமுக்கிக்கினு இருமு. ஒனக்கு நா சொல்லணுமா?"

"கை தூக்க முடியலண்ணே."

"முயற்சி பண்ணு."

கண்ணில் நீர் வந்துவிட்டது. "எனுக்கு இது எல்லாந் தெரியும்ண்ணே. இப்ப இருமலன்னா இன்னா ஆவும்னும் தெரியும். தெரிஞ்சும் பயமா கீது. குழாயே பிடுங்கிக்கினு வர மாதிரி கீது. நா இன்னா பண்ண?"

எழுதக் கூடாது என்று அவள் சொன்னது இதைத்தான். நான் ஏதோ சொல்லித் தேற்றினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளிடம் ஆறுதல் பெற்றுப் போனவர்களையெல்லாம் பார்த்தவன் நான். அந்த வேலையைத் திருப்பி அவளுக்குச் செய்வதற்கு என்னிடம் சொல் இல்லை.

இன்னொரு தொந்தரவு, பார்க்க வந்த கூட்டம். அவளைத் தெரியாதவர்கள் ஆஸ்பத்திரியில் யார்? மணலூர்பேட்டைச் சொந்தம் வந்தது, தெருக்காரர்கள் வந்தார்கள், அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டு போனவர்கள் வந்தார்கள். எல்லோரும் அன்பால்தான் வந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். எப்ப ஆரம்பிச்சுது? முன்னமே தெரியலயா? டாக்டரு இன்னா சொல்றாரு? சாப்பாடு எறங்குதா? ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மூச்சு வேண்டும். அவளிடம் அரை மூச்சுதான் இருந்தது. முகம் கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி, மத்தியானத்துக்குள் முகம் வெளிறிப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் சாலம்மாள் மாத மருந்து வாங்க வந்தார். வழக்கம் போல வார்டு வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். என்னிடம், "எங்க எம் பொண்ணு?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன்.

போய்ப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இசைவாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாலம்மாள் அவள் வாய்மேல் விரலை வைத்தார்.

"நீ ஒன்னுஞ் சொல்லாத. எனுக்குத் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் தெருக்காரப் பெண்கள் சிலர் வந்தார்கள். "இன்னா இசை, எப்பிடி..." என்று ஆரம்பித்தார்கள். சாலம்மாள் எழுந்து நின்றார்.

"பாத்துட்டீங்கல்ல? நல்லா கீறா. கேக்காதீங்க. பேசுனா மூச்சு போவுது அவளுக்கு. அப்பிடியே கேக்கணும்னா தலயாட்டுற மாதிரி ஒரே ஒன்னு கேளுங்க, போங்க."

அந்தப் பெண்கள் திகைத்துப் போனார்கள். அதில் ஒருத்தி யோசித்து, "தனுஷாவ நா ஸ்கூலுக்குக் கூட்டிக்கினு போவட்டா?" என்று கேட்டாள். இசைவாணி தலையை ஆட்டினாள். அத்தனை நாளில் வந்த கேள்விகளில் அவளுக்கு உபயோகமான கேள்வி அது ஒன்றுதான்.

சாலம்மாள் அன்று மலைக்குத் திரும்பவில்லை. கள்ளக்குறிச்சியிலேயே கட்டிக்கொடுத்திருக்கும் மகள் ஷாலினி வீட்டில் தங்கிக்கொண்டார். மறுநாள் காலை வந்துவிட்டார். டாக்டர் அருள்மொழிக்கு இதில் சம்மதமில்லை. "உங்க நெஞ்சே சரியில்ல, நீங்க எதுக்கு ஆஸ்பத்திரியில வந்து உக்காந்துக்கினு?" என்றார்.

"மாஸ்க் போட்டுக்கறேன். ஜன்னல் தொறந்துதான கீது? சாயங்காலம் போயிடறேன்" என்றார் சாலம்மாள். டாக்டர் பார்த்தார். அவரைக் கிளப்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. ஸ்டூலை ஜன்னலுக்கு இன்னும் பக்கமாகப் போடச் சொன்னார்.

சாலம்மாள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பாட்டிலை யாராவது இடறிவிடாமல் பார்த்துக்கொண்டார். கஞ்சியை ஒரே மூச்சில் கொடுக்காமல், ஒரு வாய் கொடுத்துவிட்டுக் காத்திருந்து அடுத்த வாய் கொடுத்தார். வயிறு முட்டினால் மூச்சு முட்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு நான் மருந்து கொடுக்கப் போனபோது இசைவாணி இருமலை விழுங்கிக்கொண்டிருந்தாள். சாலம்மாள் தன் பையிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்தார். நான்காக மடித்து, உருட்டி, கெட்டியான ஒரு திண்டு மாதிரி ஆக்கினார். கட்டிலில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, திண்டைக் குழாய்க்குப் பக்கத்தில் விலாவில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"குழாய் மேல வைக்காதீங்கம்மா, கொஞ்சம் கீழ" என்றேன். நகர்த்திக்கொண்டார்.

"நா புடிச்சிக்கினு கீறேன். எதுவும் கழண்டு வராது. இருமு."

இசைவாணி தலையை அசைத்து மறுத்தாள்.

"ஒன்னே ஒன்னு. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

இருமினாள். வலியில் சாலம்மாளின் முழங்காலைப் பற்றிக்கொண்டாள். பாட்டிலில் தண்ணீர் எகிறிக் குதித்தது. குழாயில் அதுவரை நின்றுபோயிருந்த நீர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் குனிந்து பார்த்துவிட்டு, "வருது இசை" என்றேன். அவளே இன்னொரு முறை இருமினாள். பிறகு இன்னொரு முறை. முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் நீர். பெண்கள் பக்கத்தில் எல்லாக் கட்டிலும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மூலையில் இருந்த ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்து, "அப்பிடித்தான் சிஸ்டரு" என்று சொன்னார். எழுந்து உட்காரச் சொல்லி அவரிடம் நாங்கள் அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

இருமல் ஓய்ந்ததும் இசைவாணி பின்னால் சாய்ந்தாள், சாலம்மாளின் நெஞ்சின்மேல். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு எப்பிடி நா திருப்பிச் செய்வேன்?" என்று கேட்டாள். அதற்கே அவள் நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது.

"இன்னாத்த திருப்பிச் செய்யறது? அன்னிக்கு என்னக் கட்டிப்போட வந்தாங்க எல்லாரும். நீ ஒருத்திதான் எங் கையில குடுத்த" என்றார் சாலம்மாள். "பேசாம படு."

நீர் வற்றியது. குழாயை எடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் நாள் காலையில் கழிப்பறையிலிருந்து பதறிக்கொண்டு வந்தாளாம், சிறுநீர் சிவப்பாகப் போகிறதென்று. பாதி வழியில் நினைவு வந்து நின்றுவிட்டாள். இந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும், பயப்படாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறவளே அவள்தான். இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள், விலாவைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்குப் போனதும் வேறொரு சங்கடம். அமிர்தம் அம்மா நல்லவர், மருமகளுக்கு நேர்ந்ததை நினைத்து அழுதவர். ஆனால் அவருடைய சிறு வயதில் டி.பி. வந்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்று பார்த்திருக்கிறார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சொம்பு ஆகிய மூன்றையும் தனியாக எடுத்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டார். பரவாது என்று டாக்டர் சொன்னதை இசைவாணி எடுத்துச் சொன்னாள். "இருக்கட்டும்மா, கொழந்த கீற வூடு" என்று மட்டும் சொன்னார்.

நாலு பேருக்கு நடுவே நின்று வாதாடத் தெரிந்த இசைவாணிக்கு, தன் வீட்டில் ஒரு தட்டுக்காகப் பேச வாய் வரவில்லை.

அன்று கவியரசன் வேலை முடிந்து வந்தார். கை கால் கழுவினார். ஜன்னல் மேடையைப் பார்த்தார். அந்தத் தட்டை எடுத்து, சோறு போட்டுக்கொண்டு, அந்தச் சொம்பில் தண்ணீர் மொண்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அமிர்தம் அம்மா பதறி, "டேய், அது அவ தட்டுடா" என்றார்.

"தெரியும்மா. கொழம்பு ஊத்து."

ஊற்றினார். இரண்டு மூன்று நாள் அவர் அதே தட்டில்தான் சாப்பிட்டார். பிறகு ஒரு காலையில் இசைவாணி எழுந்து பார்த்தபோது ஜன்னல் மேடை காலியாக இருந்தது. தட்டும் டம்ளரும் சொம்பும் மற்றப் பாத்திரங்களோடு அலமாரியில் கலந்து கிடந்தன. அமிர்தம் அம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சத்து வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு மருந்து முடிகிற வரைக்கும் காலையில் முட்டை இல்லாமல் இருந்ததில்லை. கணவரைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் இதைச் சொல்லிவிட்டு, "எனுக்கு வாய்ச்சவங்கண்ணே" என்பாள்.

உடம்பு தேறியதும் வேலைக்கு வந்தாள். மாத்திரை இன்னும் முடியவில்லை. கட்டில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூலையில் இருந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அந்தக் கட்டிலில் புதிதாக ஒரு பெண், ஆஸ்துமா. அவளைச் சுற்றி உறவினர்கள் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நோய்க் குறிப்பு எடுக்க இசைவாணியும்தான் பல கேள்வி கேட்க வேண்டும். கட்டிலருகே குனிந்தாள்.

"நீங்க பேச வேணாம். நா கேக்கறேன். ஆமான்னா என் கைய ஒரு தடவ அமுக்குங்க. இல்லன்னா சும்மா இருங்க. மீதிய உங்க வூட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கறேன்."

அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வையை நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். தண்ணீர் தவித்தவருக்குத் தண்ணீர் கொடுத்தால் பார்ப்பாரே, அது மாதிரி.

இப்போது எங்கள் வார்டில் மூச்சு வாங்குகிறவர்களிடம் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறோம். டாக்டர் அருள்மொழியும் கையை நீட்டிவிட்டுத்தான் கேள்வியைத் தொடங்குகிறார். குழாய் வைத்தவர்கள் இருமும்போது வீட்டிலிருந்து வந்த யாரையாவது பின்னால் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம். தனியாக வந்தவர்களுக்கு நாங்களே பிடிக்கிறோம். அந்த நேரத்தில் யாருடைய கை என்பது முக்கியமில்லை என்கிறாள் இசைவாணி, ஒரு கை இருந்தால் போதுமாம்.

மாத்திரை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். அவள், கவியரசன், தனுஷா, நான். சாலம்மாளின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் கரி. இசைவாணி நின்று அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவியரசன் டயர் கடையில் வேலை செய்கிறவர், சுத்தியல் பிடிக்கத் தெரியும். நானும் அவரும் ஊர்க்காரர்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வெளியே நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, அடுப்பை அங்கே மாற்றினோம். முழு நாள் வேலை. சாலம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "காத்தடிச்சா அணைஞ்சிடும்டா" என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் தட்டி வைத்துக் கட்டிக்கொடுத்தோம். அதில்தான் எங்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிப்போட்டார். புகை மேலே போய் மரத்துக்குள் கலந்தது.

அவருடைய நுரையீரல் குணமாகிவிடாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்தப் பனிக்காலத்தில் அவருக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற்றம். வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை, சாலம்மாளும் கூட வந்தார். தனுஷா முன்னால் ஓடினாள், கவியரசன் அவள் பின்னால் போனார். பாதி ஏற்றத்தில் சாலம்மாள் ஒரு பாறையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து இழுத்துக்கொண்டார். இசைவாணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குடி உக்காந்த? நீ போ, பஸ் வந்துடும்."

"எனுக்கும் வாங்குதும்மா, கொஞ்சம்."

சாலம்மாள் அவள் முதுகில் கையை வைத்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, கீழே மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு சீரானதும் எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார்கள். ரோட்டில் கவியரசன் பஸ்ஸை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டுநர், "வரட்டும், வரட்டும், மெல்ல வரச் சொல்லுங்க" என்று சொல்லி இன்ஜினை அணைத்தார்.